அண்ணனுக்கும் அக்காவுக்கும் இளவயதிலேயே பார்கின்சன்: மரபணு ஆய்வில் எப்படிச் சேர்வது?

தறிவீட்டுப் பெண், குமாரபாளையம்

வணக்கம். என் அண்ணனுக்கு இப்போது 38 வயது. உடல் அசைவைத் தடுமாறச் செய்யும் பார்கின்சன் என்ற மூளை நரம்பு நோய் அவருக்கு 29 வயதில் வலது காலில் ஆரம்பித்தது. காலையில் தூங்கி எழுந்ததும் நன்றாக நடப்பார். மதியத்துக்கு மேல் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொள்ளும், செருப்பு நிற்காது. விசைத்தறியில் பாவு நூல் அறுந்தால் பார்க்கும்போதே முடிச்சுப் போட்டுவிடுகிற கை அவருடையது. அந்தக் கையும் தடுமாறத் தொடங்கியபோதுதான் வீட்டில் பயந்தோம்.

முதுகுத்தண்டில் நரம்பு அழுந்துகிறது என்று இரண்டு ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார்கள், பெல்ட் போட்டார்கள். பிறகு வேறொரு நரம்பியல் மருத்துவர், உடலில் செம்பு சேருகிற வில்சன் நோய் இல்லை என்று ரத்தத்தையும் கண்ணையும் சோதித்து உறுதிசெய்துகொண்டு, பார்கின்சனுக்கான லெவோடோபா மருந்தை அரை மாத்திரையில் தொடங்கினார். அந்த வாரமே அண்ணன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். அம்மா சமையற்கட்டுக்குப் போய் அழுதார்.

சென்ற ஆண்டு அக்காவுக்கும் அதே கால், அதே விரல். அவருக்கு வயது 34.

என் அம்மா தன் சொந்தத் தாய்மாமனைத்தான் மணந்தார். அவர்கள் இருவருக்கும் இந்த நோய் இல்லை. எனக்கு 27 வயது. இப்போது அத்தை மகனுக்கு என்னைக் கொடுக்கப் பேசுகிறார்கள்.

எங்கள் குடும்பத்தின் ரத்தத்தில் யாருக்காவது பயன்படும் தகவல் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். வெளிநாட்டு ஆய்வு ஒன்றின் பக்கத்தைப் படித்தேன், எல்.ஆர்.ஆர்.கே.2, ஜி.பி.ஏ.1 என்ற மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களைத்தான் கேட்கிறார்கள். எங்களைப் போன்றவர்களை யார் சேர்த்துக்கொள்வார்கள்? பணம் கட்ட வேண்டுமா? நானும் ரத்தம் கொடுத்தால், என் முடிவை நான் தெரிந்துகொண்டே ஆக வேண்டுமா?

சேலத்துக்காரர் (மனைவிக்கு 12 ஆண்டுகளாகப் பார்கின்சன்)

தங்கச்சி, பணம் கேட்டால் அது ஆய்வே அல்ல, எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்கும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் தரச் சொல்லுங்கள். பாதியில் விலகிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

தேடுவதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2007இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு இருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நோயின் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால் எந்த ஊரில், யார் பொறுப்பில் என்பதெல்லாம் வரும். பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய இரண்டு மருத்துவமனைகளிலும் பார்கின்சன் போன்ற இயக்கக் கோளாறுகளுக்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள். அண்ணனையும் அக்காவையும் ஒரே நாளில் கூட்டிப்போங்கள். தனித்தனியாகப் போனால் இரண்டு நோயாளிகள். சேர்ந்து போனால்தான் அது ஒரு குடும்பம் என்று மருத்துவருக்குப் புரியும்.

குடும்பம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பார்கின்சனுக்குக் காரணமான முதல் மரபணு மாற்றம் 1997இல் வெளியானது, இத்தாலியின் கொந்துர்சி என்ற சிற்றூரில் வேர்கொண்ட ஒரு பெரிய குடும்பத்தாலும் சில கிரேக்கக் குடும்பங்களாலும்தான். அவர்கள் தலைமுறை தலைமுறையாக வம்சாவளி சொல்லி, ரத்தம் கொடுத்தார்கள்.

மரபணு ஆலோசகர்

உங்கள் வீட்டு விவரம் எல்.ஆர்.ஆர்.கே.2 போல, தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்த ஒரு பழுதான பிரதியாலேயே நோய் தரும் மரபணுவைக் காட்டவில்லை. அதில் அதிகம் பேசப்படும் மாற்றம் அஷ்கெனாசி எனப்படும் ஐரோப்பிய வழி யூதர்களிடமும் வட ஆப்பிரிக்கர்களிடமும் பரவலாக இருக்கிறது. இந்தியர்களிடம் மிக அரிது. எனவே அந்தப் பக்கத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

பெற்றோர் நலமாக இருந்து, பிள்ளைகளுக்கு 40 வயதுக்குள் வருவது, காலில் தொடங்குவது, தூங்கி எழுந்தால் தேவலாம் என்பது, சிறிய அளவு மருந்துக்கே நல்ல பலன்: இவை பார்க்கின் என்ற மரபணுவை முதலில் நினைக்க வைக்கின்றன. ஜப்பானியர்கள் 1998இல் கண்டறிந்தது. பிங்க்1, டிஜே-1 ஆகியவையும் இதே வகை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். இதை மறைவுவகை என்போம். மாமனும் மருமகளும் ஒரே முன்னோரின் பிரதியைச் சுமந்திருக்கலாம்.

சோதனை முதலில் அண்ணனுக்கு. உங்களுக்கு அல்ல. அவரிடம் மாற்றம் எதுவென்று தெரியாமல் உங்களைச் சோதித்தால், ஒன்றும் இல்லை என்று வரும் அறிக்கைக்கு மதிப்பில்லை. இன்னொன்று: சிலருக்குப் பார்க்கின் மரபணுவில் ஒரு துண்டே இல்லாமல் போயிருக்கும், அல்லது இரட்டித்திருக்கும். எழுத்து எழுத்தாக வாசிக்கும் வழக்கமான சோதனை இதைத் தவறவிடக்கூடும். துண்டுகளை எண்ணிப் பார்க்கும் எம்.எல்.பி.ஏ. சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள்.

நீங்கள் ரத்தம் கொடுத்தும் முடிவை அறியாமல் இருக்கலாம். படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆய்வுகளில் தனிநபர் முடிவைச் சொல்வதே இல்லை. இது மறைவுவகைதான் என்றால், உங்களுக்கு இரண்டு பழுதான பிரதிகள் இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே ஒரு பிரதியோடு நலமாக இருக்க வாய்ப்பு நான்கில் இரண்டு.

திருச்சி வாசகி

அத்தை மகன் உங்கள் அப்பாவின் ரத்தம். அவருக்கும் அதே பிரதி இருக்கலாம் என்பதை உங்கள் அம்மாவிடம் யாராவது சொல்லியே தீர வேண்டும். நிச்சயம் செய்த பிறகு சொன்னால் பழி உங்கள் மேல்தான் வரும். எங்கள் வீட்டில் வேறொரு நோயை மறைத்துத் திருமணம் செய்தார்கள். என் சித்தி அதற்காக இருபது ஆண்டுகள் பேச்சு வாங்கினார்.

தறிவீட்டுப் பெண், குமாரபாளையம்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு தறியை நிறுத்திய பிறகு அண்ணனிடம் மட்டும் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். "எனக்கு மருந்து கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, என் மகளுக்கு என்ன சொல்வது என்று தெரிந்தால் போதும்" என்றார். அவருக்கு ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அண்ணி வெளிக்குடும்பம் என்பதை நினைத்து முதல்முறையாக மகிழ்ந்தேன்.

பெங்களூருக்கு அடுத்த மாதம் போகிறோம், மூன்று பேரும். ஒரு பெரிய தாளில் வம்சாவளி வரையத் தொடங்கியிருக்கிறேன். அப்பாவின் பெரியப்பா ஒருவர் நாற்பது வயதிலேயே கோலூன்றி நடந்தார் என்று பாட்டி சொன்னார். அத்தையிடம் நானே பேசப்போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சேலத்து அண்ணா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: மருத்துவரிடம் போகும் நாளில் மாத்திரை போட்டுக்கொண்டு போக வேண்டுமா, போடாமல் போக வேண்டுமா?

சேலத்துக்காரர்

நீங்களாக நிறுத்த வேண்டாம். முன்கூட்டியே அங்கே தொலைபேசியில் கேளுங்கள். எப்படியானாலும் மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மதியத்துக்கு மேல் விரல் மடங்குவதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் மருத்துவர் பார்க்கும்போது அது மடங்காது.