2-அமினோபியூரின் ரைபோசைட் கொஞ்சம் கிடைக்குமா?

வணக்கம். கண்டி, பேராதனைப் பக்கம் ஆய்வுகூடத் தொடர்புள்ளவர்கள் உதவுங்கள். டெட்ராஹைமினா என்ற ஒருகல உயிரியின் இன்ட்ரான் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் துண்டு) தன்னைத்தானே வெட்டி ஒட்டுவதை நுவரெலியாவில் மாணவர்களுக்குச் செய்துகாட்டப் போகிறோம். இந்த வெட்டைத் தொடங்கிவைக்கும் குவானோசினைப் பிடிப்பது இன்ட்ரானின் பி7 என்ற சுருளிலுள்ள ஜி264–சி311 இணை (264ஆவது, 311ஆவது எழுத்துகள்). அதை ஏ–யூ ஆக மாற்றினால் குவானோசினை விட்டு அதை ஒத்த 2-அமினோபியூரின் ரைபோசைட்டை ஏற்கும் என்பது 1989இல் காட்டப்பட்டது. இதைவிட அழகான சான்று கிடையாது, அதனால்தான் இந்த வேண்டுகோள். 5 மில்லிகிராம் போதும்; 1 மில்லிமோலாரில் சுமார் 19 மில்லிலீற்றர் வரும்.

ஒரு சந்தேகமும் உண்டு. டி7 நொதியத்தால் (டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதுவது) ஆர்என்ஏ தயாரிக்கும்போதே பாதி வெட்டுப்பட்டுவிடுகிறது. அந்தக் கலவையிலேயே மக்னீசியமும், குவானோசினின் வேலையைச் செய்யும் ஜிடிபியும் (GTP) இருப்பதுதான் காரணம். மக்னீசியத்தை எவ்வளவு வரை குறைக்கிறீர்கள்? விளைச்சல் விழாமல் இருக்க வேண்டும்.

பிரித்தெடுத்த ஆர்என்ஏவை 10 மில்லிமோலார் மக்னீசியத்தில் 50 பாகையில் 30 நிமிடம் வைத்தே தொடங்குகிறோம். இல்லாவிட்டால் தவறாக மடிந்த மூலக்கூறுகள் வினைபுரியாமல் தங்கிவிடும். இங்குள்ள குளிரில் 8 மோலார் யூரியா போத்தலிலேயே படிகமாகிறது, ஆர்என்ஏ துண்டுகளைப் பிரிக்கும் ஜெல்லை வார்க்குமுன் 37 பாகைக்குச் சூடாக்குங்கள்.

பொருள் இருப்பவர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள், நேரில் வந்து பெற்றுக்கொள்கிறோம்.