மடிப்பாக்கம் வீட்டை ஆவணியில் விற்பதா, தை வரை காத்திருப்பதா?

கேள்வி: மடிப்பாக்கம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனையில் உள்ள எங்கள் தனி வீட்டை விற்றுவிட்டு, மகள் குடும்பம் இருக்கும் கோவையில் அடுக்குமாடி வீடு ஒன்று வாங்கிக் குடிபோவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். மனையை 1996-இல் இருவர் பெயரிலும் கிரயம் பெற்று, 1998-இல் ஊராட்சி அனுமதியுடன் கட்டினோம். வீட்டின் மீது கடன் எதுவும் இல்லை. இருவரும் அறுபது வயதைக் கடந்தவர்கள், ஓய்வூதியத்தில் வாழ்கிறோம்.

எந்த மாதத்தில் விற்பது என்பதில்தான் எங்களுக்குத் தெளிவில்லை. ஆடி பிறப்பதற்குள் முன்பணம் வாங்கி ஆவணியில் பதிவை முடித்துவிட வேண்டும் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். தை வரை பொறுத்தால் நல்ல விலைக்குப் போகும் என்று என் தம்பி சொல்கிறார். எங்கள் தெருவில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தளத்தை உயர்த்திக் கட்டியதால் வீட்டுக்குள் வரவில்லை. மழைக்காலத்தில் பார்க்க வருபவர்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்களோ என்ற அச்சம் இருக்கிறது. அதற்காகத் தண்ணீர் நின்றதை மறைத்து விற்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: வேளச்சேரியில் வீடு விற்றவர்

அம்மா, வணக்கம். எங்கள் வீடும் உங்கள் தெருவைப் போன்ற ஒரு தெருவில்தான் இருந்தது. ஐப்பசியிலிருந்தே ஆட்களுக்குக் காட்டத் தொடங்கி, தையில் விற்றோம்.

தென்சென்னையின் தாழ்வான பகுதிகளில் வீடு தேடுபவர்கள் இப்போது எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். எங்கள் வீட்டைப் பார்க்க வந்த ஒருவர், கூடத்தையும் சமையலறையையும் பார்ப்பதற்கு முன்பே பின்பக்கம் போய், தரையிலிருந்து ஓர் அடி உயரம் வரை சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து நிலைக்கதவின் அடிக்கட்டை ஊறியிருக்கிறதா என்று பார்த்தார். மின் மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது, சம்பின் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின்) மூடி தெரு மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். இப்படிப் பார்ப்பவரிடம் எந்த மாதத்தில் விற்றாலும் எதையும் மறைக்க முடியாது. ஆவணியில் அவசரமாகப் புதுப் பெயின்ட் அடித்து வைத்தால் சந்தேகம்தான் கூடும்.

உள்ளே தண்ணீர் வராத வீடு என்றால், அதை மழையிலேயே காட்டுங்கள் என்பது என் கருத்து. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நல்ல மழை பெய்த மறுநாள் வந்து, தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது, வாசல் படியில் எத்தனை படி மிச்சம் இருக்கிறது என்று நேரில் பார்த்த பிறகு விலை பேசுபவர், பின்னர் அதையே காரணம் காட்டி விலையைக் குறைக்க மாட்டார். கோடையில் வருபவர்கள் வேறொன்றைக் கேட்பார்கள். 2019 கோடையில் சென்னை முழுவதும் தண்ணீருக்குத் தவித்த பிறகு, மே மாதத்தில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்குமா, லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்குமா என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியாகவும் இருக்கிறது.

பதில்: ஆவண எழுத்தர், தாம்பரம்

அம்மாவுக்கு வணக்கம். மேலே எழுதிய ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரியே. ஆனால் தைதான் ஒரே வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விளம்பரம் கொடுக்கும் மாதம், முன்பணம் வாங்கும் மாதம், பத்திரம் பதியும் மாதம் ஆகிய மூன்றும் தனித்தனி. பதிவு எந்த மாதத்தில் நடக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வர வேண்டும். பெரும்பாலானவர்கள் ஆடியிலும் மார்கழியிலும் புதிதாக எதையும் தொடங்குவதில்லை; புரட்டாசியிலும் பங்குனியிலும் புதுமனை புகுவதில்லை. அந்த மாதங்களில் வீடு பார்ப்பதும் விலை பேசுவதும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆடியிலேயே ஆடிப்பெருக்கு அன்று முன்பணம் கொடுப்பவர்களும் உண்டு. ஆவணியிலும் தையிலும் வரும் முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் நிறைந்துவிடுவதால், பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் ஒதுக்குகிறது.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை எனக்குப் பெரிதாகப் படுவது ஆவணங்கள்தான். மடிப்பாக்கம் 2011-இல்தான் ஊராட்சியாக இருந்த நிலை மாறிச் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 1998-இல் ஊராட்சி கொடுத்த கட்டட அனுமதியின் வரைபடம் உங்கள் கையில் இருக்கிறதா? கட்டியிருக்கும் வீடு அந்த வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா? பட்டா உங்கள் இருவர் பெயருக்கும் மாறியிருக்கிறதா, அல்லது மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே நிற்கிறதா? சொத்துவரி ரசீதும் மின் இணைப்பும் யார் பெயரில் உள்ளன? வாங்குபவர் பெரும்பாலும் வங்கிக் கடன் வாங்குபவராகத்தான் இருப்பார். வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரங்களையும் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழையும் கேட்பார். மதிப்பீட்டாளர் நேரில் வந்து வீட்டை அளப்பார். பட்டாவில் ஒரு பெயர் தவறாக இருந்தால்கூட, அது திருத்தப்படும் வரை எல்லாம் நின்றுபோகும். ஆனி முடிவதற்குள் முன்பணம் வாங்கி ஆவணியில் பதிவு செய்வது, ஆவணங்கள் இன்றே சரியாக இருந்தால் மட்டும்தான் நடக்கும்.

ஆகவே ஆடியை வீணான மாதமாக நினைக்காமல், இவற்றைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துங்கள். அதன் பிறகு ஆவணியிலேயே நல்ல விலை சொல்லி ஒருவர் வந்தால், தை வரட்டும் என்று அவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். தையில் வாங்க வருபவர்கள் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அதே நினைப்பில் காத்திருந்து விற்க வருபவர்களும் அதிகம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக ஒரு கோடி ரூபாய்க்கு ஒன்பது லட்ச ரூபாயை வீட்டு விலைக்கு மேல் தனியாகச் செலவிட வேண்டியவர் வாங்குபவர். பல வீடுகள் கிடைக்கும் மாதத்தில் பேரம் பேசத்தான் செய்வார்.

பதில்: வரி ஆலோசகர், கோவை

வருமான வரியைப் பொறுத்தவரை மார்ச் மாதத்துக்கும் ஏப்ரல் மாதத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இதை யாரும் குறிப்பிடாததால் எழுதுகிறேன்.

விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ, விற்பதற்கு முந்தைய ஓராண்டுக்குள் வாங்கியிருந்தாலோ, விற்பனையில் கிடைத்த ஆதாயத்தில் அந்த வீட்டில் முதலீடு செய்த தொகைக்கு வரிவிலக்குக் கேட்கலாம். ஆனால் வருமான வரி விவரம் தாக்கல் செய்யும் கடைசி நாள்வரை செலவிடாமல் மிஞ்சும் ஆதாயத் தொகையை, அந்த நாளுக்குள் வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டாக வேண்டும். மார்ச் 28-இல் பத்திரம் பதிந்தால் அதே ஆண்டு ஜூலை 31-க்குள் போட வேண்டும். ஏப்ரல் 2-இல் பதிந்தால், அது அடுத்த நிதியாண்டில் சேர்வதால், மறு ஆண்டு ஜூலை 31 வரை அவகாசம் இருக்கும். சில நாட்கள் தள்ளிப் பதிவதால், கோவையில் நிதானமாக வீடு பார்க்க ஏறத்தாழ ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும்.

உங்கள் சொத்து 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்பதால், அன்றைய சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். நிலம், கட்டடத்தைப் பொறுத்தவரை அது அரசு நிர்ணயித்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், பணவீக்கச் சரிக்கட்டல் (அடக்க விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலுடன் 20 சதவீதம் என இரண்டையும் கணக்கிட்டு, எது குறைவோ அதைச் செலுத்தலாம். வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் கணக்கும் இருவருக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள் என்பதால் முன்கூட்டி வரி கட்டும் பொறுப்பு உங்களுக்கு இல்லை. விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குச் செலுத்துவார். அதற்கான சான்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: மடிப்பாக்கம் ஆசிரியை

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வீட்டு வரைபடம் இருக்கிறது. பட்டாவில் என் கணவர் பெயர் மட்டுமே உள்ளது. முதலில் அதைச் சரிசெய்யப் போகிறோம். மழைக்காலத்தில் வீட்டைக் காட்டி, தையில் ஒப்பந்தம் போட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வரும் சித்திரையில் பதிவு செய்தால் வாங்கும் குடும்பத்துக்கும் வசதியாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆவணியில் நல்ல விலைக்குக் கேட்டு யாராவது வந்தால் மறுக்க மாட்டோம். ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. தையில் முன்பணம் கொடுத்தவர், பழுது பார்க்கும் வேலைக்காக முன்கூட்டியே சாவி கேட்டால் கொடுக்கலாமா?

பதில்: ஆவண எழுத்தர், தாம்பரம்

கொடுக்க வேண்டாம், அம்மா. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தத்தின் பேரில் வீட்டை ஒப்படைத்தால், வருமான வரிக் கணக்கில் அன்றே விற்பனை நடந்ததாகக் கருதப்படலாம். அப்போது நீங்கள் ஏப்ரல் வரை காத்திருந்ததன் பயன் போய்விடும். அளவெடுக்கவும் மேஸ்திரியை அழைத்து வந்து காட்டவும், நீங்கள் வீட்டில் இருக்கும்போது வரலாம் என்று மட்டும் எழுதுங்கள். ஒப்பந்தக் காலத்தை ஏப்ரல் இறுதி வரை வைத்து, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டு பத்திரம் பதியும் நாளில்தான் சாவி ஒப்படைக்கப்படும் என்பதைத் தனி நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள்.