குவாடல்கனால் வானத்தைக் காத்தது யார்: விமானியா, மெக்கானிக்கா?

பருந்து: "வைல்ட்கேட் ஒரு டப்பா, அமெரிக்கர்கள் அதிர்ஷ்டத்தில் தப்பினார்கள்" என்று, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய குவாடல்கனால் தீவுச் சண்டை பற்றி இங்கே ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார். 1942 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்க மரைன் படையின் விஎம்எஃப்-223 ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) 19 வைல்ட்கேட் போர்விமானங்களோடு அந்தத் தீவின் ஹெண்டர்சன் விமானத் தளத்தில் வந்து இறங்கியது. ஜான் ஸ்மித்தான் தலைவர். அவருக்குக் கீழே இருந்தவர்களில் பலர் பயிற்சி முடித்து அதிக நாள் ஆகாத பையன்கள். எதிரே, சண்டையில் ஊறிய ஜப்பானியக் கடற்படையின் தைனான் விமானப் பிரிவு. ஸ்மித்தின் ஆட்கள் ஜப்பானின் ஜீரோ போர்விமானத்தோடு வட்டமடித்துச் சண்டை போடாமல், உயரத்திலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் மீது பாய்ந்து, சுட்டுவிட்டு அப்படியே கீழே இறங்கி ஓடினார்கள். இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது?

திருகாணி: டப்பா என்று எழுதியது நான்தான், அதில் மாற்றமில்லை. சக்கரத்தை உள்ளே இழுக்கவே விமானி ஒரு கைப்பிடியைக் கிட்டத்தட்ட 30 சுற்று சுற்ற வேண்டும். கையை மாற்றி ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்வதால், புறப்படும் விமானம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். உயரத்திலிருந்து பாய்ந்தார்கள், சரி. அந்த உயரத்துக்குப் போனது எப்படி? வைல்ட்கேட் ஏறி முடிக்க அரை மணிக்கு மேல் ஆகும். பூகன்வில் தீவின் காட்டில் ஒளிந்திருந்த நேசநாட்டுக் கரையோரக் காவலர்கள் பால் மேசனும் ஜாக் ரீடும் ஜப்பான் விமானங்கள் வருவதை ரேடியோவில் முன்கூட்டியே சொல்லாவிட்டால், உங்கள் பையன்கள் ஓடுபாதையிலேயே எரிந்திருப்பார்கள்.

பெட்ரோலை மறந்துவிட்டீர்களே! ஸ்குவாட்ரனின் சொந்த மெக்கானிக்குகள் ஆரம்பத்தில் அங்கே இல்லை. கப்-1 என்ற கடற்படைப் பிரிவின் மாலுமிகள்தான் டிரம்மை உருட்டி வந்து, கைப்பம்பால் இறைத்து, மெல்லிய தோலில் வடிகட்டி நிரப்பினார்கள். குண்டைத் தூக்கி மாட்டியதும் கையால்தான். பதக்கம் மட்டும் காக்பிட்டில் இருந்தவருக்கு.

பருந்து: தரையில் இருந்தவர்களை நான் குறைத்துப் பேசவே இல்லையே. ஆனால் எச்சரிக்கை வந்துவிட்டால் போதுமா, சுட வேண்டாமா? நீங்கள் சொல்லும் டப்பாவில் கவசத் தகடு இருந்தது, துளை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் டேங்க் இருந்தது. ஜீரோவில் இரண்டும் கிடையாது.

கடலோடி: இருவரும் தூரத்தை விட்டுவிட்டீர்கள். ஜப்பானியர்கள் தங்கள் தளமான ரபாவுலிலிருந்து சுமார் 1,000 கி.மீ. வந்து, கொஞ்ச நேரம் சண்டை போட்டு, அதே தூரம் திரும்ப வேண்டும். ஆகஸ்ட் 7 அன்று தலையில் அடிபட்ட ஜப்பானிய விமானி சபுரோ சகாய் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பறந்துதான் தளம் சேர்ந்தார். அது அபூர்வம், அடிபட்ட மற்ற பலர் கடலோடு சரி. மரைன் விமானி மரியன் கார்ல் செப்டம்பர் 9 அன்று சுடப்பட்டு விழுந்தார், தீவுவாசிகள் உதவியோடு ஐந்தாம் நாள் முகாமுக்குத் திரும்பிவிட்டார். சொந்தத் தளத்துக்கு மேலே சண்டை போடுவதன் லாபம் இதுதான்.

பருந்து: அப்படியானால் அக்டோபரில் பூகன்வில்லில் ஜப்பானின் புயின் தளம் வந்து தூரம் பாதியாகக் குறைந்த பிறகு ஜப்பான் ஜெயித்திருக்க வேண்டுமே?

கடலோடி: அந்த நேரத்தில் தைனான் பிரிவின் ஜுனிச்சி சசாய் மாதிரி விமானிகளே மிச்சமில்லை, பருந்து சார். தேர்ந்த விமானியை ஒரு மாதத்தில் உருவாக்க முடியாது. புயினும் மழை பெய்தால் சேறு.

திருகாணி: அக்டோபர் என்றதும் 13-ஆம் தேதி இரவைச் சொல்லியே ஆக வேண்டும். கொங்கோ, ஹருனா என்ற இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் 900-க்கு மேற்பட்ட 14 அங்குலக் குண்டுகளைத் தளத்தின் மேல் கொட்டின. பெரும்பாலான விமானங்கள் போயின, பெட்ரோலும் எரிந்தது. காலையில் மெக்கானிக்குகள் உடைந்து கிடந்த பி-17 குண்டுவீச்சு விமானங்களின் டேங்கிலிருந்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்தார்கள். மறுபடி விமானம் ஏறியது அதனால்தான். பாய்ந்து சுடும் உத்தியை வைத்து அன்றைக்கு என்ன செய்திருப்பீர்கள்?

பருந்து: உறிஞ்சிய பெட்ரோலை ஊற்றினால் விமானம் தானாகவே போய்ச் சண்டை போடுமா? அதையும் சொல்லுங்கள்.