வக்கீல் நோட்டீஸ் போய் 15 நாள் தாண்டியும் கம்பெனி பதில் இல்லை: அடுத்து நாள் கணக்கு எப்படி?

மன்னை_போர்செட்:
5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், மன்னார்குடி கடையில் வாங்கியது. பில் தேதி 2025 ஜூன் 2, விலை 34,000, ஒரு வருஷ வாரண்டி. 2026 ஏப்ரல் 20 அன்று எரிந்துபோச்சு. "வோல்டேஜ் கோளாறு, வாரண்டி கிடையாது" என்று வாய்வார்த்தையா சொல்லிட்டாங்க. கம்பெனி இருப்பது கோயம்புத்தூர். 15 நாள் கெடு வச்சு அனுப்பின நோட்டீஸ் மே 4 அன்று அவங்களுக்குக் கிடைச்சிருக்கு, பதில் இல்லை. 30 நாளில் பதில் போடலைன்னா கேஸ் நம்ம பக்கம்தான்னு சிலர் சொல்றாங்க, 45 நாள்னு சிலர். எது சரி? கேஸ் போடணும்னா கோவைக்கா போகணும்?

ஒரத்தநாடு_பைல்:
கோவைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதாவது திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. விவசாயிக்கு மோட்டார் பிழைப்புக்கான பொருள், அதனால் "வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு கிளப்பினாலும் பயப்படாதீர்கள். சொந்தமாகப் பாடுபட்டுப் பயிர் செய்து பிழைப்பதாக மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நாள் கணக்குக்கு வருவோம். வக்கீல் நோட்டீஸில் உள்ள 15 நாள் நீங்களாக வைத்த கெடு. நுகர்வோர் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. அது தாண்டியதால் கம்பெனிக்குத் தண்டனை எதுவும் இல்லை, கேட்டும் வாயைத் திறக்கவில்லை என்று காட்ட உதவும், அவ்வளவுதான். நோட்டீஸ் அனுப்பாமலே வழக்குப் போடவும் தடை இல்லை.

30, 45 என்று நீங்கள் கேள்விப்பட்டது ஆணையம் அனுப்பும் நோட்டீஸுக்கு. மனு கொடுத்த 21 நாளுக்குள் அதை ஏற்பதா இல்லையா என்று சாதாரணமாக முடிவு செய்ய வேண்டும். ஏற்ற பிறகு 21 நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும். அது கையில் கிடைத்ததிலிருந்து பதிலுரைக்கு 30 நாள். ஆணையம் மனசு வைத்தால் கூடுதலாக 15. அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது: நோட்டீஸ் மட்டும் கிடைத்தால் கணக்குத் தொடங்காது, கூடவே மனு நகலும் கிடைத்திருக்க வேண்டும்.

கிடைத்த நாளை விட்டுவிட்டு மறுநாள் முதல் எண்ண வேண்டும். ஜூன் 10 கையில் கிடைத்தால் 30-வது நாள் ஜூலை 10, 45-வது நாள் ஜூலை 25. கடைசி நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாள்.

உங்களுக்கும் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு வருஷம். எரிந்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்: 2028 ஏப்ரல் 19-க்குள் மனு உள்ளே போய்விட வேண்டும். கஸ்டமர் கேரிடம் பேசிக்கொண்டே இருந்தால் அந்தக் கெடு தள்ளிப்போகாது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது.

குடமுருட்டி_தபால்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் பாதிப் பேருக்குக் காரியம் கெடுவது முகவரியில். பில்லில் இருக்கும் சர்வீஸ் சென்டர் முகவரியைப் போட்டால் கவர் "இந்த முகவரியில் இல்லை" என்று திரும்பி வரும், 45 நாள் கணக்கு தொடங்கவே தொடங்காது. கம்பெனியின் பதிவு அலுவலக முகவரியை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டு எடுங்கள். கடைக்காரரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். பில் அவர் போட்டது, ஊரும் பக்கம்.

"வாங்க மறுத்துவிட்டார்" என்று எழுதி வந்தால் கவலை வேண்டாம், அது சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். சரியான முகவரிக்கு அனுப்பி 30 நாளாகியும் ஒப்புகை அட்டை வரவில்லை என்றாலும் சேர்ந்ததாக ஆணையம் அறிவிக்கலாம். பட்டுவாடா ஆன அன்றே தபால் இணையதளத்தில் வரும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வழக்குக் கட்டில் சேருங்கள். மனு செட்டு எதிர்த்தரப்பு ஒருவருக்கு ஒன்று, ஆணையத்துக்கு எத்தனை என்று அலுவலகத்தில் கேட்டு அத்தனை, உங்களுக்கு ஒன்று. எல்லா செட்டிலும் பக்க எண் ஒன்றாக இருக்கட்டும். ஒரு செட்டில் வாரண்டி அட்டை விட்டுப்போனாலும் "முழு நகல் வரவில்லை" என்று அங்கே ஒரு வாய்தா வாங்கிவிடுவார்கள்.

மன்னை_போர்செட்:
ரொம்ப நன்றி. குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணி வேணும், அதனால மோட்டாரை வைண்டிங்குக்கு (கருகின கம்பியை எடுத்துட்டுப் புதுசு சுத்த) கொடுத்துடலாமான்னு இருக்கேன். கொடுக்கலாமா?

பட்டறை_வலங்கைமான்:
கொடுக்காதீங்க. உங்க கையில் இருக்கிற சாட்சியே அந்தச் செம்புக் கம்பிதான். மோட்டாருக்குள்ள மூணு வைண்டிங்கை இணைக்கிற முறை ஸ்டார், டெல்டான்னு ரெண்டு. ஸ்டார் இணைப்பு மோட்டார் ஒரு பேஸ் போன நிலையில (மூணு கரண்ட் லைன்ல ஒண்ணு வராம) ஓடியிருந்தா இரண்டு பேஸ் வைண்டிங் கருகி மூணாவது பளிச்சுனு நிக்கும். டெல்டா இணைப்புன்னா ஒண்ணு மட்டும் கருகும். எல்லாமே ஒரே மாதிரி கருகியிருந்தா லோடு, குறை வோல்டேஜ், தண்ணி இல்லாம ஓடினதுன்னு வேற காரணம் பார்க்கணும். ஒரே இடத்துல மட்டும் வெடிச்சு மத்ததெல்லாம் நல்லா இருந்தா இன்சுலேஷன் கோளாறு, தயாரிப்புப் பிழைன்னு சொல்ல இடம் இருக்கு. பட்டறையில கம்பியை உருவிட்டா இதெல்லாம் போச்சு. அவசரத்துக்கு வாடகை மோட்டார் இறக்குங்க, ரசீது வாங்குங்க, அந்தத் தொகையையும் மனுவில் கேளுங்க. எரிந்ததைப் பெயர்த்தகடு, சீரியல் நம்பர் தெரியப் படம் எடுத்து அப்படியே மூடி வையுங்க.

ஒரத்தநாடு_பைல்:
அதோடு, சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்று தோன்றினால் ஆணையமே பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அறிக்கைக்கு 45 நாள், நீட்டிக்கவும் செய்யலாம். சோதனைக் கட்டணத்தை மனுதாரர்தான் முதலில் கட்ட வேண்டும். சோதனை இல்லாத வழக்கை மூன்று மாதத்திலும் சோதனை உள்ளதை ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது ஏட்டில் உள்ளது. நடப்பில் அதை நம்பி நாற்று விடாதீர்கள்.

கம்பெனி 45 நாளில் பதிலுரை போடாவிட்டால் அவர்கள் தரப்பு இல்லாமலே (ஒருதலைப்பட்சமாக) ஆணையம் விசாரிக்கலாம், அதற்காக வெற்றி தானாக வந்துவிடாது. பில், வாரண்டி அட்டை, மோட்டார் படம், நோட்டீஸ் நகல் எல்லாவற்றையும் நிரூபண வாக்குமூலத்தோடு (உறுதிமொழியோடு எழுதித் தரும் சாட்சியம்) நீங்கள் தாக்கல் செய்தால்தான் உத்தரவு. நாற்றங்கால் காய்ந்த நஷ்டம் கேட்பதானால் வி.ஏ.ஓ. தரும் அடங்கல் (பயிர்க் கணக்கு) நகல் வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பத்தி நிற்காது. சமரசத்துக்கு அனுப்புவது பற்றி முதல் விசாரணையில் கேட்டால் ஐந்து நாளுக்குள் எழுத்தில் சம்மதம் சொல்ல வேண்டும்.

உங்கள் பக்கம் உத்தரவு வந்த பிறகு மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய அவர்களுக்கு 45 நாள். அதற்கும் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். 34,000 ரூபாய் மோட்டாருக்கு அந்தக் கணக்குப் பார்த்தே சிலர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.