புதுப்பிப்பு: பாஸ்டன் புரூயின்ஸின் 2015 டிராஃப்ட்

என்எச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில், அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதில் பாஸ்டன் அணியான புரூயின்ஸ் 2015இல் அடுத்தடுத்து எடுத்த 13, 14, 15ஆம் தேர்வுகள் மூன்றுமே வீண் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். 14ஆவதாக வந்த ஜேக் டெப்ரஸ்க்கைக் குறைத்துப் பேசியது என் தவறு. திறந்தவெளியில் நடக்கும் சிறப்பு ஆட்டமான விண்டர் கிளாசிக்கில், 2023இல், பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்துப் பனித்தளத்தில், கடைசிப் பகுதியில் இரண்டு கோல் அடித்துப் பிட்ஸ்பர்க் அணியை 2-1 என வீழ்த்தியவர் அவர். அன்றே அவருக்குக் காலெலும்பு முறிந்தது பிறகுதான் தெரிந்தது. இவரையா வீண் என்றேன்?

13ஆவதாக வந்த யாகுப் ஸ்போரில் நிலைக்கவில்லை, 15ஆவதாக வந்த சாக் செனிஷின் என்எச்எல்லில் 20 ஆட்டங்களைக்கூட எட்டவில்லை. அப்புறம், இரண்டாம் சுற்றில் கிடைத்த பிராண்டன் கார்லோவை மறந்தே போயிருந்தேன். பல ஆண்டுகள் தற்காப்பைத் தாங்கியவர்.

ஆனாலும் புரூயின்ஸுக்கு அடுத்து, 16ஆவதாக நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்குப் போன மேத்யூ பார்ஸல் 2018இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வாங்கினார். 17ஆவதாகப் போனவர் கைல் கானர், 18ஆவதாகப் போனவர் தாமஸ் ஷபோ. புரூயின்ஸ் எடுக்காமல் விட்ட இந்த மூன்று பெயர்களையும் சேர்த்துப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது.