கொள்ளிடக்கரையில் வளையம் போட்ட குருவி

குழு: ஐயாறு வீட்டுச் சொந்தங்கள்

செந்தில், காலை 6:52
[படம்]
கொள்ளிடம் படுகையில், நம் வாழைக்கொல்லைக்குக் கீழே மின்கம்பிக்கு அடியில் கிடந்தது. உயிர் இல்லை. காலில் வளையம், அதில் ஏதோ எழுத்தும் இருக்கிறது. என்ன செய்வது? யாராவது உடனே சொல்லுங்கள், எறும்பு மொய்க்கிறது.

கவிதா
ஐயோ, பாவம்

மாயவரம் அத்தை
கையால் தொட்டாயா? பறவைக் காய்ச்சல் என்று நேற்றுகூட ஒரு வீடியோ வந்தது. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவு.

குமார் சித்தப்பா
வளையம் என்றால் வேவு பார்க்க அனுப்பியதாக இருக்கும். போலீஸில் கொடுத்துவிடு.

செந்தில்
வாழைச்சருகால்தான் எடுத்தேன் அத்தை. எழுத்து ரொம்பப் பொடி. 'இன்ஃபார்ம் பாம்பே' வரை தெரிகிறது, அப்புறம் எண்கள்.

பெரியப்பா, 7:20
யாரும் பயப்பட வேண்டாம். குமார், இது வேவும் இல்லை ஒன்றும் இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் போடும் அலுமினிய வளையம் அது, 1883-இல் ஆரம்பித்த கழகம். இங்கே நம் கோடியக்கரையிலேயே அவர்கள் வருஷக்கணக்காக வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து, எடை போட்டு, இறக்கையை அளந்து, வளையம் மாட்டிப் பறக்க விடுகிறார்கள். பறவைகள் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்று பார்ப்பதற்காக 1959-இல் பறவை அறிஞர் சாலிம் அலி ஆரம்பித்து வைத்த வேலை. ஒவ்வொரு வளையத்துக்கும் தனி எண், எங்கே, எந்தத் தேதியில் மாட்டியது என்று பதிவேட்டில் இருக்கும். கண்டெடுத்த இடத்தையும் தேதியையும் நாம் எழுதிப் போட்டால்தான் இந்தக் குருவியின் கணக்கு முடியும். இல்லாவிட்டால் அது எங்கே போனது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. அதனால் செந்தில், வளையத்தை மெதுவாகக் கழற்றிப் பத்திரமாக வை.

பெரியப்பா
படத்தைப் பார்த்தால் கொசு உள்ளான் மாதிரி இருக்கிறது. கறுத்த கால், சிட்டுக்குருவி அளவுதான் உடம்பு, எடை 25 கிராம் இருந்தால் அதிகம். வடதுருவத்து ஓரத்தில் மரமே முளைக்காத பூமியில் குஞ்சு பொரித்துவிட்டு அங்கிருந்து பறந்து நம் ஆற்றுமணலுக்கு வருகிறது. இவ்வளவு தூரம் வந்து நம் கம்பியில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. காய்ச்சல் பற்றி: கூட்டமாகச் செத்துக் கிடந்தால் உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். பக்கத்தில் வேறு ஏதாவது கிடக்கிறதா, பார்.

செந்தில்
வேறு இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டேன்.

மாயவரம் அத்தை
கை கழுவினாயா?

செந்தில்
கழுவிவிட்டேன் அத்தை

கவிதா
தாத்தா நோட்டில் இந்த நாளில் என்ன எழுதியிருக்கிறார் என்று எடுத்துப் பார்த்தேன்.
[படம்]
'புரட்டாசி 19. வாலாட்டி வந்துவிட்டது. களத்துமேட்டில் ஒன்று. வால் நிற்கவே இல்லை.' எல்லா வருஷமும் முதல் வாலாட்டிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார். இந்த வருஷம் யாராவது பார்த்தீர்களா?

செந்தில்
நான் பார்த்தேன், போன வாரமே. மதகுக் கட்டையில் மஞ்சள் வாலாட்டி இரண்டு. தகைவிலான் கம்பி நெடுக உட்கார்ந்திருக்கிறது, எண்ண முடியவில்லை. கருவேல முள்ளில் பழுப்புக் கீச்சான். தண்ணீருக்கு மேலே மீசை ஆலா ஏழெட்டு. நத்தைகுத்தி நாரை எப்போதும் போல நடவு வயலில் நிற்கிறது.

கவிதா
சொல்லவே இல்லையே! தேதி சொல், நோட்டில் நானே எழுதுகிறேன். சிவப்பு மையில்.

குமார் சித்தப்பா
அப்பாவின் பைனாகுலர் யாரிடம் இருக்கிறது?

மாயவரம் அத்தை
என்னிடம்தான். கருமாதி அன்று எல்லோர் கண்ணும் பீரோ மேல் இருந்தது. அது திண்ணையில் கேட்பாரற்றுக் கிடந்தது, எடுத்து வைத்தேன்.

குமார் சித்தப்பா
யார் கண் பீரோ மேல் இருந்தது?

மாயவரம் அத்தை
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா
இப்போது அது வேண்டாம்.

மாயவரம் அத்தை, 8:05
ஐப்பசி பிறக்கப் போகிறது. மாசக் கடைசி நாள் காவிரியில் கடைமுழுக்குக்கு யார் யார் வருகிறீர்கள்? துலாக்கட்டத்துப் படித்துறையில் கூட்டம் தாங்காது, முதல் நாள் ராத்திரியே வந்துவிடுங்கள். எத்தனை பேர் என்று சொன்னால் அரிசி ஊறப் போட வசதி.

கவிதா
நாங்கள் 4. அவர் லீவு கிடைத்தால்.

மாயவரம் அத்தை
அப்புறம் அண்ணா, எங்கள் கொல்லையில் மூன்று நாளாகச் சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஒரு சத்தம். இரண்டே விசில், அடுத்த வீட்டுப் பையன் கூப்பிடுகிற மாதிரி. மாமரத்துக்குக் கீழே சருகில் பச்சையும் நீலமுமாக ஏதோ தத்திப் போனது.

பெரியப்பா
அது ஆறுமணிக்குருவி! வடக்கேயிருந்து இந்த நாளில்தான் வரும். சில சமயம் வந்த களைப்பில் வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடும். சருகைக் கூட்டாதே, புழு பூச்சிக்கு அதைத்தான் கிளறும். பூனையை வெளியே விடாதே. காலையிலும் அதே நேரத்துக்குக் கூப்பிடுகிறதா என்று கேள்.

மாயவரம் அத்தை
சரி அண்ணா. பூனையை உள்ளே போட்டுவிட்டேன்.

கவிதா
பம்பாய்க்கு நான் மெயில் எழுதுகிறேன். செந்தில், வளையத்து எண்ணை அனுப்பு.

செந்தில்
கடைசியில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. தேய்ந்திருக்கிறது.

பெரியப்பா
தப்பாக அனுப்பினால் வேறு பறவையின் கணக்காகிவிடும். அப்பாவின் லென்ஸ் இருந்ததே, வெற்றிலைப் பெட்டியில்?

மாயவரம் அத்தை
அதுவும் இங்கேதான். பஸ்ஸில் எல்லாம் கொடுத்தனுப்ப மாட்டேன். யாராவது நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குமார் சித்தப்பா, 9:40
ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் அக்கா. வந்தால் அந்த ஆறுமணிக்குருவியையும் காட்டு.

மாயவரம் அத்தை
சாப்பிடாமல் வா.

கவிதா
ஞாயிறு எல்லோரும் கொள்ளிடக்கரைக்குப் போகலாம் என்று போன வாரம் பேசினோமே?

பெரியப்பா
மழையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறேன்.

செந்தில்
குருவியை வாழைக்கு அடியில் புதைத்துவிட்டேன். வளையம் தீப்பெட்டியில் இருக்கிறது.