எலைட் முதல் சீசன்: அந்தக் காதலை நம்ப முடிகிறதா?

கேள்வி: 2018-ல் வந்த ஸ்பானிஷ் தொடர் ‘எலைட்’, முதல் சீசன் இப்போதுதான் முடித்தேன். பழைய பள்ளிக் கூரை இடிந்ததால் மூன்று ஏழைப் பிள்ளைகள் உதவித்தொகையில் பணக்காரப் பள்ளிக்கு வருகிறார்கள், வந்ததும் காதல். பணக்காரப் பையன் குஸ்மான், உதவித்தொகையில் வந்த நாதியா, இந்த ஜோடி உங்களுக்கு ஒட்டியதா?

பதில்: எனக்கு ஒட்டியது. குஸ்மானின் காதலி லூ கிளப்பிவிட்ட விளையாட்டுக்காகத்தான் அவன் நாதியா பின்னால் சுற்றுகிறான், அப்புறம் நிஜமாகவே விழுகிறான். நாதியாவுக்கோ படிப்பும் போகக்கூடாது, மளிகைக் கடை அப்பாவுக்கும் தெரியக்கூடாது. ஹிஜாபைக் கழற்று, இல்லையென்றால் வெளியே போ என்று பள்ளியில் சொல்கிறார்களே, அங்கேயே புரிந்துவிடுகிறது யாருக்கு நஷ்டமென்று.

பதில்: அது சரி, இடிந்த கூரையைக் கட்டியது யார்? குஸ்மானின் அப்பா கம்பெனி!

பதில்: அந்த மூவரில் இன்னொருவன் சாமுவேல்தான் பாவம். ஓட்டலில் பரிமாறிக்கொண்டே குஸ்மானின் சகோதரி மரினாவைக் காதலித்தான், அவளோ இவன் அண்ணனிடம் போய்விட்டாள்.